ஒரே தோட்டத்தில் நான்கு சபைகள்: வெவ்வேறு வரங்களோடு சேர்ந்து பணிசெய்வது எப்படி

இலங்கை மலையகத்தின் பல தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறு தொகையினரே; அந்தச் சிறு தொகையும் ஒரே கூரையின் கீழ் கூடுவதில்லை. நான் வாழும் தோட்டத்தை எடுத்துக்கொண்டால், மேட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது; மாதம் இரு முறை அருட்தந்தை நகரத்திலிருந்து வந்து பூசை வைக்கிறார். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், துரைமார் காலத்துக் கற்கட்டடத்தில், அங்கிலிக்கன் சபை கூடுகிறது. பாதையோரத்தில் மெதடிஸ்த சபையின் சிறு மண்டபம்; பணிய லயத்தின் தொங்கல் வீட்டில் (கடைசி வீட்டில்), இஸ்தோப்பை (முன் திண்ணையை) நீட்டித் தகரம் போட்ட இடத்தில், பெந்தெகொஸ்தே சபை. நான்கையும் சேர்த்து எண்ணினால் அறுபது குடும்பங்கள் தேறும். இத்தகைய இடங்களில் சபைப் பொறுப்பில் இருப்பவர்களையும், பொறுப்பு எதுவும் இல்லாமலே பாதி வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நகரத்துப் பெரிய சபைகளுக்கு இதில் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சபைகளை ஒன்றாக இணைப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது ஆயர்களும் சபைச் சங்கங்களும் பேச வேண்டிய பொருள், பேசியும் இருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனமும் அதில் ஒன்றாக இருந்தது. இலங்கையின் மற்றைய சபைகளை ஒரே திருச்சபையாக்கும் திட்டமோ பல்லாண்டுகள் வரைந்து திருத்தப்பட்டும் கைகூடவில்லை. அதே காலப்பகுதியில், 1963 ஆம் ஆண்டு, கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து இறையியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கின. அது இன்றும் சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிக்கிறது. ஒரே பெயரைச் சூடிக்கொள்ளும் திட்டம் நிலைக்காத நாட்டில், சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடம் நிலைத்திருக்கிறது என்பதை நான் முக்கியமான பாடமாகக் கொள்கிறேன்.

எபேசியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் ஒருமையைக் காத்துக்கொள்ளும்படி கேட்கிறார். காத்துக்கொள் என்பதே சொல். உண்டாக்கு என்று அவர் சொல்லவில்லை. அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்றால், நமது முதல் வேலை அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதாகும்.

மேடையில் தொடங்க வேண்டாம்

இந்த அறிவுரையை என் சொந்தத் தவறிலிருந்து தருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான்கு சபைகளையும் சேர்த்து நத்தாருக்கு ஒரு கூட்டு ஒளி விழா நடத்தலாம் என்று முதலில் வாய் திறந்தவன் நான். ஆகஸ்ட் மாதத்தில் குழு அமைத்தோம். செப்டம்பரில் அழைப்பிதழில் எந்தச் சபையின் பெயர் முதலில் வர வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அகர வரிசையில் போடலாம் என்றேன்; அதனால் என் சபை முதலில் வந்துவிடும் என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அதன் பின்னர் பாடகர் குழுக்களின் ஒழுங்கு, பிரதம விருந்தினர், ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுப்பதா அல்லது ஒரு சபையிடம் இருப்பதைப் பயன்படுத்துவதா என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு நீண்டது. விழா நடந்தது, மழையிலும் சனம் வந்தது, பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். ஆனால் ஜனவரியில் இரண்டு சபைகளின் மூப்பர்கள் பாதையில் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்க்காமல் போகத் தொடங்கியிருந்தார்கள்.

மேடை என்பது இயல்பாகவே முன்வரிசையையும் பின்வரிசையையும் உண்டாக்கும் இடம். பாடவும் பேசவும் தெரிந்தவர்களின் வரங்கள் மட்டுமே அங்கே தெரியும். சமைப்பவர், தூக்குபவர், கணக்கெழுதுபவர், வயோதிபரின் கையைப் பிடித்து அழைத்து வருபவர் எல்லோரும் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். ஆகவே கூட்டு ஆராதனையையும் கூட்டு விழாவையும் பின்னுக்கு வையுங்கள். சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள் மேடையில் ஏறினால் ஒழுங்கைப் பற்றி அதிகம் சண்டை பிடிப்பதில்லை.

மரண வீட்டைக் கவனியுங்கள்

எங்கே தொடங்குவது என்று கேட்டால், தோட்டத்தில் அடுத்த மரண வீடு எதுவோ அங்கே என்பேன். இது விபரீதமான ஆலோசனையாகத் தோன்றலாம். ஆனால் மலையகத்தில் சபை வேற்றுமை, சில வேளைகளில் மத வேற்றுமைகூட, உண்மையாகவே கழன்று விழும் இடம் அதுதான்.

ஒரு ஜூலை மாதத்தில் மேட்டு லயத்தில் கத்தோலிக்கத் தாய் ஒருவர் இறந்துபோனார். மூன்று நாட்களாக மழை விட்டிருக்கவில்லை. விறகெல்லாம் நனைந்து அடுப்பு பற்றவில்லை. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த பெண் ஒருவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த மிலாறுக் (வெட்டிய தேயிலைக் கிளை) கட்டைப் படங்கால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் ஏறி வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து அடுப்பை ஊதினார். அன்று இரவு முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போனது அந்த அடுப்பிலிருந்துதான். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மெதடிஸ்த இளைஞன் தொலைபேசியிலேயே பெட்டிக்கும் வாகனத்துக்கும் ஏற்பாடு செய்தான். மரணப் பதிவுக்கான கடிதத்தைத் தோட்டத்து ஆசிரியை எழுதினார். இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் பாடிக் களைத்திருந்தபோது, பாட்டுப் புத்தகம் இல்லாமலே பழைய கீர்த்தனைகளை அடி பிசகாமல் எடுத்துக்கொடுத்தவர் அங்கிலிக்கன் சபையின் எழுபது வயது முதியவர். குழி வெட்டியவர்களில் இருவர் கிறிஸ்தவர்களே அல்லர்.

அன்று யாரும் யாரையும் நியமிக்கவில்லை, யாரும் அழைப்பிதழும் அச்சிடவில்லை. அடுத்த முறை நீங்கள் இப்படியொரு வீட்டுக்குப் போகும்போது, உரிய துக்கத்தோடு போங்கள், உங்கள் பங்குக்கு வேலையும் செய்யுங்கள். ஆனால் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். யார் அடுப்பைப் பற்றவைத்தார், யார் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், யார் பணத்தைக் கையில் வாங்கி ஒரு சதமும் குறையாமல் கணக்குக் கொடுத்தார் என்பதை வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள். உங்கள் தோட்டத்தில் யாருக்கு என்ன வரம் என்ற பட்டியலின் முதல் பக்கம் அதுவாகும்.

வரத்தை எப்படி அடையாளம் காண்பது

கத்தோலிக்கர் அருட்கொடை என்பதையும் மற்றவர்கள் வரம் என்பதையும் பற்றிய பட்டியல்கள் புதிய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகின்றன: ரோமர் 12, முதலாம் கொரிந்தியர் 12, எபேசியர் 4, முதலாம் பேதுரு 4. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றோடு முழுமையாகப் பொருந்துவதில்லை என்பது தெரியும். எந்தப் பட்டியலும் முடிந்த பட்டியலாக எழுதப்படவில்லை என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது. ஆகவே அந்தப் பட்டியல்களைப் படிவமாக அச்சிட்டு, ஒவ்வொருவரையும் கட்டத்தில் அடையாளமிடச் சொல்லும் முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். நாங்களும் ஒருமுறை அப்படிச் செய்தோம். பேசத் தெரிந்தவர்கள் ஐந்து வரங்களுக்கு அடையாளமிட்டார்கள். மிலாறு சுமந்து வந்த அந்தப் பெண் தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தார்.

இதற்குப் பதிலாக, வீடு வீடாகப் போய் மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் யாருடைய கதவைத் தட்டுவீர்கள்? பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? வீட்டில் சண்டை முற்றினால் யார் வந்தால் குரல் தணியும்? இந்த மூன்று கேள்விகளும் போதும். இந்து அயலவர்களிடமும் இவற்றையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரில் சபைப் பற்றுக் கலந்திருக்காது. ஒரே பெயர் நான்கு வீடுகளில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த மனிதருக்கு ஒரு வரம் இருக்கிறது. அதை அவரே அறியாதிருப்பதும் உண்டு.

வரத்தையும் பதவியையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது இதற்கு அடுத்த கட்டம். ரோமர் 12:8 இல் தலைமை தாங்குபவரைக் குறிக்க நமது பழைய தமிழ் வேதாகமத்தில் 'முதலாளியானவன்' என்று ஒரு சொல் வருகிறது. முதலாளி என்ற சொல் தோட்டத்துக் காதில் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வசனத்தை வாசித்த ஞாயிறொன்றில் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்ததை நானே கேட்டிருக்கிறேன். கொரிந்தியர் நிருபத்தில் 'ஆளுகைகள்' என்று வரும் இடத்தில் மூலக் கிரேக்கச் சொல்லின் பொருள் கப்பலின் சுக்கானைப் பிடித்து நடத்துதல். நமக்குக் கடல் தூரம் என்றாலும், மூடுபனியில் வளைவுகளில் பஸ்ஸை ஓட்டும் சாரதியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் பயணிகளை அதட்டுவதில்லை, பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைமை வரம் என்று தேடும்போது அத்தகைய ஆளைத் தேடுங்கள். ஏற்கெனவே தொழிற்சங்கத்திலும் ஆலயக் குழுவிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் தலைவராக இருக்கும் ஒருவரை நான்காவது தடவையும் தலைவராக்குவது அவருக்கும் நல்லதல்ல.

கொழும்புக்கு வேலைக்குப் போன இளைஞர்களையும் யுவதிகளையும் பட்டியலிலிருந்து விட்டுவிட வேண்டாம். தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் மட்டுமே ஊருக்கு வருபவர்கள் என்று அவர்களைச் சபைகள் கைவிட்டுவிடுகின்றன. விண்ணப்பப் படிவமொன்றை இணையத்தில் நிரப்புவதற்கும், தேசிய வைத்தியசாலையில் ஒரு நோயாளிக்குத் துணை நிற்பதற்கும் அங்கே இருப்பவர்களால்தான் முடியும்.

முதல் வேலையைத் தெரிவுசெய்தல்

முதல் கூட்டு வேலைக்கு ஓர் அளவுகோல் உண்டு: எந்த ஒரு சபையாலும் தனியாகச் செய்ய முடியாததாகவும், வாரம் தவறாமல் நடப்பதாகவும், படம் எடுத்துப் போடுவதற்கு அதிகம் எதுவும் இல்லாததாகவும் அது இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை என் சொந்தச் சேர்க்கை. அதைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு அமைந்த வேலை, க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு. மெதடிஸ்த சபையில் கணிதம் படிப்பிக்கக்கூடிய ஒருவர் இருந்தார். சிங்களம் நன்கு தெரிந்த பெண் கத்தோலிக்கர். மின்வெளிச்சமும் வாங்குகளும் இருந்தது அங்கிலிக்கன் ஆலயத்தின் பக்க அறையில். இவை மூன்றும் சேர்ந்ததும் வகுப்பு தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். இரண்டாவது வாரத்தில் பெண் பிள்ளைகள் வருவது நின்றுபோயிற்று. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வகுப்பு முடிய இருட்டிவிடும். எட்டாம் நம்பர் மலையைக் கடந்துபோகும் குறுக்குப் பாதையில் சிறுத்தை நடமாட்டம் இருந்தது.

அப்போது முன்வந்தவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது; சபையில் சாட்சி சொல்லக்கூட எழுந்து நின்றதில்லை. ஆனால் நாற்பது வருடம் அந்த மலைகளை இரவில் சுற்றியவர். கையில் ஒரு டோர்ச், ஒரு தடி, தோளில் பழைய கம்பளி. வகுப்பு முடியும் வரை ஆலயப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்து, பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு காம்பராவின் (லயத்து வீட்டின்) கதவும் திறந்து மூடும் வரை நின்று பார்ப்பார். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் பல தடவை பிரசங்கித்திருக்கிறேன். கணித ஆசிரியர் வராத வாரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே பழைய வினாத்தாள்களைச் செய்தார்கள். காவலாளிக்குச் சுகமில்லாத வாரத்தில் வகுப்பே நடக்கவில்லை.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் இரண்டு ஒழுங்குகளைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு அறையில் இருக்கக்கூடாது. ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால், சபையின் பெயரைக் காப்பாற்ற மறைக்காமல், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு நல்ல மனிதர் என்றாலும் இதில் விலக்கு இல்லை.

பிந்தி வருபவர்களுக்காகக் காத்திருத்தல்

வரங்களைப் பற்றிய கொரிந்தியர் 12 ஆம் அதிகாரத்தை வாசிப்பவர்கள் அதற்கு முந்திய அதிகாரத்தைச் சேர்த்து வாசிப்பதில்லை. கொரிந்துவில் சிலர் முன்னதாகவே வந்து தங்கள் உணவைச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடிருக்கிறார்கள். அவர்களில் உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த அடிமைகளும் கூலியாட்களும் இருந்திருப்பார்கள் என்பது பல விளக்கவுரையாளர்களின் கருத்து. பவுல் அவர்களுக்குச் சொல்லும் தீர்வு மிகச் சாதாரணமானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அதைச் சொன்ன பிறகே வரங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

நமது கூட்டங்கள் எந்த நேரத்தில் நடக்கின்றன என்று பாருங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால், காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய் மலையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரமாட்டார்கள் என்பதை முடிவெடுத்தே வைத்துவிட்டோம் என்று பொருள். மாலை ஐந்து மணி என்றாலும் கொழுந்து நிறுத்து முடிந்து, பிள்ளை மடுவத்திலிருந்து (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்திலிருந்து) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குச் சாமான் வாங்கப் போகும் நாள். ஆகவே நேரத்தை உத்தியோகத்தர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுத் தீர்மானிக்காமல், மலையில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். அவர்கள் குறிப்பிடும் நேரம் மற்றவர்களுக்கு வசதிக்குறைவாக இருந்தால், வசதிக்குறைவை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

பெண்கள் வந்துவிட்டால் மட்டும் போதாது. வந்தவர்களைத் தேநீர் போட அனுப்பிவிட்டு ஆண்கள் தீர்மானம் எடுக்கும் வழக்கம் நான்கு சபைகளிலும் ஒரேவிதமாக இருந்ததை, ஒற்றுமையின் வேடிக்கையான ஓர் அடையாளமாகவே நான் கண்டேன். தேநீரைக் கூட்டம் முடிந்த பின் போடுங்கள். முறை வைத்து ஆண்களும் போடட்டும். மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை வரும் உலக ஜெப தினத்தைப் பெண்களே சபை வேற்றுமை கடந்து நெடுங்காலமாக நடத்தி வருகிறார்கள். கூட்டு வேலையில் நம்மைவிட அனுபவம் அவர்களுக்கே அதிகம்.

சேரக்கூடாத இடங்கள்

1952 ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய உலக மாநாடொன்றில் சபைகளின் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு பிரிந்து நிற்கக் கட்டாயப்படுத்தும் காரியங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்தே செயற்படக்கூடாதா என்பது அதன் சாரம். இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சேரக்கூடிய இடத்தில் சேர்வது போலவே, சேர முடியாத இடத்தில் நேர்மையாகப் பிரிந்து நிற்பதும் வேண்டும்.

நற்கருணையை எல்லோரும் சேர்ந்து பெறலாமே என்று ஆர்வமுள்ள ஒருவர் நிச்சயமாகக் கேட்பார். கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு பொதுவாக அதற்கு இடம் தருவதில்லை. அங்கே ஓர் அருட்தந்தையைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவது அன்பாகாது. குழந்தை ஞானஸ்நானம், மீண்டும் முழுக்குக் கொடுத்தல், அந்நிய பாஷை, மரியன்னை மீதான பக்தி ஆகியவற்றையும் கூட்டு வேலையின் இடையில் விவாதிக்க வேண்டாம். இவை அற்பமானவை என்பதற்காக அல்ல. மழையில் தகரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது பேசித் தீர்க்கக்கூடியவை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு வாக்குறுதி மட்டும் எழுத்தில் இருக்கட்டும்: கூட்டு வேலையில் பழகிய குடும்பத்தை எந்தச் சபையும் தன் சபைக்கு இழுக்காது. மலையகத்தில் சபைகளுக்கிடையிலான கசப்பில் பெரும் பகுதி இதிலிருந்தே வருகிறது என்பது என் அனுபவம். ஒருவர் தானாகவே மாற விரும்பினால் இரு சபைப் பொறுப்பாளர்களும் நேரில் பேசிக்கொள்ள வேண்டும். இந்து, பௌத்த, முஸ்லிம் அயலவர்களுக்கு உதவி வழங்கும்போதும் இதே நேர்மை வேண்டும். அரிசிப் பைக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள்.

சேர்ந்து ஜெபிக்கும்போது சொற்களிலும் சிறிது கவனம் தேவை. ஒருவர் தேவன் என்கிறார், மற்றவர் கடவுள் என்கிறார். ஒருவருக்குப் பரிசுத்த ஆவியானவர், மற்றவருக்குத் தூய ஆவியார். கத்தோலிக்கரும் மற்றைய சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995 ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருக்கிறது. வாசகங்களை முறை வைத்து அதிலிருந்தும் பழைய வேதாகமத்திலிருந்தும் வாசித்தால் ஒருவரும் அந்நியமாக உணரமாட்டார்கள். இயேசு கற்பித்த ஜெபத்தை மட்டும் ஒவ்வொருவரும் தம் வாயில் பழகிய வடிவிலேயே சொல்லட்டும். சத்தம் சிறிது கலங்கும்; கலங்கட்டும்.

பணமும் பிணக்கும்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பயிற்சிப் புத்தகம், இரண்டு வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இருவரின் கையொப்பம், வேலை முடிந்த மறு ஞாயிறே நான்கு இடங்களிலும் வாசிக்கப்படும் கணக்கு. இவை இல்லாமல் நூறு ரூபாயும் சேர்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது பெருந்தொகை அனுப்ப முன்வந்தால், முதல் ஓராண்டுக்கு நன்றியோடு மறுத்துவிடுவது நல்லது. பணம் வந்ததும் அதைக் கையாளத் தெரிந்தவர்களின் வரம் மட்டும் பெரிதாகி, மற்ற வரங்கள் சிறுத்துப்போவதைக் கண்டிருக்கிறேன்.

பிணக்கு வரும். வந்ததும் வட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். மத்தேயு 18 ஆம் அதிகாரம் சொல்லும் படிமுறை நமது லயங்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது: முதலில் தனியே போய்ப் பேசுதல், பிறகு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போதல், அதன் பின்னரே சபைக்குச் சொல்லுதல். பத்துக் காம்பராக்களுக்கு ஒரே சுவரும் ஒரே கூரையும் இருக்கும் இடத்தில், ஒரு வீட்டில் சொன்ன குறை எட்டு வீடுகளைக் கடந்துதான் உரியவரிடம் போய்ச் சேரும்; போகும் வழியில் அது வளரவும் செய்யும்.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தையும் பிணக்கு வரும் நாளில் வாசிக்கலாம். அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறைப்பாடு எழுகிறது. அப்போஸ்தலர்கள் அந்த முறைப்பாட்டை முணுமுணுப்பு என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு செய்த பக்கத்தாரிடமே பொறுப்பை ஒப்படைத்ததாகத் தெரிகிறது. எங்கள் தோட்டத்தில் நிவாரணப் பொதி பணிய லயத்துக்குக் குறைவாக வந்தது என்று ஒருமுறை குறை எழுந்தபோது, அடுத்த பங்கீட்டைப் பணிய லயத்துப் பெண்கள் மூவரிடமே கொடுத்தோம். அவர்கள் மேட்டு லயத்துக்கே முதலில் கொடுத்தார்கள்.

மழைக்கு முன்னர்

கடைசியாக ஒன்று. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் எந்த ஆலயத்தில் யார் தங்குவது என்று யாரும் சபை பார்ப்பதில்லை. ஆனால் ஆயத்தத்தை அன்று செய்ய முடியாது. அதை இப்போதே, வெயில் காலத்தில், சேர்ந்து செய்து வைக்க வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. தொலைபேசியில் அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை இரவில் விழித்திருக்கும் பழக்கமுள்ள ஓர் இளைஞருக்குக் கொடுங்கள். தனியே நடக்க முடியாதவர்களின் பெயர்ப் பட்டியலை, எல்லா மதத்தவரையும் சேர்த்து, லயம் லயமாக எழுதி, ஒவ்வொருவரையும் தூக்க இருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களை ஒவ்வொரு லயத்தின் தொங்கல் வீட்டுச் சுவரிலும் பெயின்ற்றால் எழுதுங்கள். எந்த ஆலயம் உயரத்தில் பாதுகாப்பான நிலத்தில் இருக்கிறது என்று தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்; உங்கள் சொந்த ஆலயம் பாதுகாப்பற்ற இடத்தில் இருக்கிறது என்று தெரியவந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஊர் முழுக்கக் கேட்கும் மணி கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் மட்டுமே இருக்கிறது. மணிக் கோபுரத்தின் சாவி முன்பு நகரத்துப் பங்கு மனையில் இருந்தது. அங்கிருந்து வர பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அருட்தந்தையிடம் பேசியபோது, சிற்றாலயத்துக்கு மிக அருகில் இருக்கும் வீடு எது என்று கேட்டார். அது ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்தின் வீடு. இப்போது சாவி அந்த வீட்டின் கதவு நிலையில், ஆணியில் தொங்குகிறது.